காலுறைக்குள் வந்த லென்ஸ்

எங்கள் ஊரில் செத்துப்போனவர்கள் எல்லாரும் அழகாக இருப்பார்கள். அதற்குக் காரணம் ஸ்தாமெனா.

ஆற்றுக்கு அக்கரை ருமேனியாவாக இருக்கும் எங்கள் சிலிஸ்த்ராவில் ஒருவர் இறந்தால் அவர் முகத்தைத் தாளில் அச்சடித்து வீட்டு வாசல் கதவில் ஒட்டுவோம். பிறகு மின்கம்பம், பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடைச் சுவர். நாற்பதாம் நாள் புதிதாக ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷம் திரும்பினால் இன்னொன்று. எங்கள் குடியிருப்பின் வாசல் கதவு பச்சை வண்ணம் என்று சொல்வார்கள். நான் அந்தப் பச்சையைப் பார்த்ததே இல்லை. அத்தனையும் கண்ணீர் அஞ்சலித் தாள்கள். காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பும்போது அந்த முகங்களுக்கு நடுவில்தான் கைப்பிடியைத் தேடுவோம்.

அந்த முகங்களில் முக்கால்வாசி ஸ்தாமெனாவின் ஸ்டுடியோவில் எடுத்தவை. ஆற்றங்கரைக்குப் போகும் தெருவில் சின்னக் கடை. பள்ளி முடித்த படம், பணி ஓய்வுப் படம், ஐம்பதாவது கல்யாண நாள் படம் எல்லாம் அங்கேதான். ஒருவர் போய்விட்டால் மகனோ மருமகளோ அழுத கண்ணோடு அங்கே வந்து நிற்பார்கள். "அக்கா, அப்பாவோட அந்த நல்ல படம் இருக்கே, அதைக் கொஞ்சம் வெட்டிக் கொடுங்க." அவள் கொடுப்பாள்.

அந்த நல்ல படங்கள் எல்லாமே ஒரே லென்ஸில் எடுத்தவை. எண்பத்தைந்து என்று அதற்குப் பெயர்; லென்ஸ்காரர்கள் எண்ணால்தான் பெயர் வைக்கிறார்கள். குட்டையாக, கனமாக, முன்னால் ஒரு பெரிய கண்ணாடி விழியோடு இருக்கும். முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் மூடுபனியாகக் கரைத்துவிடும். சுருக்கத்தை மறைக்காது, ஆனால் அதற்கு ஒரு மரியாதை கொடுக்கும்.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அஞ்சலித் தாள் அச்சடிக்கும் போத்யோ ஒருநாள் கடைவாசலில் நின்று, "ஸ்தாமெனா, உன் எண்பத்தஞ்சு இல்லேன்னா நான் கடை ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான். நீ எடு, நான் ஒட்டறேன்" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு குளிர்காலத்தில் அவள் அதில் படம் எடுத்த தலைமையாசிரியை போனாள், சதுரங்கச் சங்கத்துச் செயலாளர் போனார், ரொட்டிக்கடைக்காரன் போனான். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள், "அது வேணாம் அக்கா, வேற லென்ஸ்ல எடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஸ்தாமெனா அதற்கும் அசரவில்லை. "வயசானவங்கதான் நல்ல படம் எடுக்க வர்றாங்க. வயசானவங்கதான் சாகறாங்க. இதுல லென்ஸ் என்ன பண்ணும்?" என்பாள்.

தன் தங்கை தோச்காவின் பிறந்தநாளுக்கு அவளே வலியக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்பத்தைந்தில் ஒரு படம் எடுத்தாள். பூசணிப்பூ மாதிரி மலர்ந்த முகம், கன்னத்தில் குழி. அந்த மாதம் முடிவதற்குள், வார்னா நகரத்துக்குப் போகும் சாலையில், மழையில், தோச்காவின் கார் லாரிக்கு அடியில் போனது. அந்தப் படத்தை ஸ்தாமெனாதான் வெட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து எண்பத்தைந்தைத் தோல் உறைக்குள் போட்டு, அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

நான் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. இதெல்லாம் நான் கேள்விப்பட்டதல்ல, பக்கத்திலிருந்து பார்த்தது.

அவள் கணவன் வெல்கோ ஆற்றைக் கடக்கும் படகில் என்ஜின் பார்த்தவர். வாழ்நாள் முழுக்க எங்கள் கரைக்கும் ருமேனியக் கரைக்கும் போய்வந்து ஓய்வு பெற்றார். நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்று வார்னா ஆஸ்பத்திரியில் சொல்லி, குளிர்காலத் தொடக்கத்துக்குத் தேதி கொடுத்தார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு ஆசைதான் சொன்னார்.

"சமுத்திரம் பார்க்கணும். கருங்கடல் இல்ல, அது பெரிய குட்டை. நிஜ சமுத்திரம். பொழுதன்னிக்கும் எதிர்க்கரையைப் பார்த்தே வளர்ந்துட்டேன். எதிர்க்கரை இல்லாத தண்ணியை ஒருதடவை பார்த்துட்டு நெஞ்சைக் கிழிக்கச் சொல்லு."

டாக்டர் யோசித்து, மெதுவாக நடந்தால் போகலாம் என்றார். அப்படித்தான் போர்ச்சுகல் பயணம் முடிவானது.

கிளம்புவதற்கு முதல் வாரம் அவர்கள் அடுக்களையில் நான் குடைமிளகாய் உரித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் எங்கள் ஊர் முழுக்கச் சுட்ட மிளகாய் வாசனைதான். குளிர்காலத்துக்கான விழுதைக் கிளறாத வீடு கிடையாது. மிளகாய் நிறுத்த அதே தராசில் ஸ்தாமெனா லென்ஸ்களை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள். மலிவு விமானம். கையில் எடுத்துப்போகும் பைக்குக் கிலோ கணக்கில் வரம்பு இருந்தது.

"வைடு லென்ஸ் கண்டிப்பா வேணும்," என்றாள் ஸ்தாமெனா. "ஊரெல்லாம் சந்து சந்தா இருக்குமாம். பின்னால நகர இடம் இருக்காது. இது இல்லேன்னா தேவாலயத்துக் கூரை வந்தா தரை வராது, தரை வந்தா கூரை வராது."

"இது?" நான் மிளகாய்க் கையால் ஒன்றைச் சுட்டினேன்.

"தொடாதே டீ, எரியும்! அது சாதாரண ஜூம். நாள் பூரா கேமராவுல மாட்டினபடியே இருக்கும். கிட்டவும் எடுக்கும், கொஞ்சம் தள்ளியும் எடுக்கும். கடற்கரைக் காத்துல சும்மாச் சும்மா லென்ஸ் மாத்தினா உள்ளே மணல் போயிடும். ஊர் சுத்தப் போறவங்களுக்கு இது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் ஆசை."

"அந்தப் பெருசு?"

"நீட்டு ஜூமா? அது பீரங்கி. அதைத் தூக்கிட்டு ஏத்தம் ஏறினா எனக்கும் சேர்த்து நெஞ்சைத் திறக்கணும். வேண்டாம்." அதை ஒதுக்கினாள். கையளவு ட்ரைபாட், கண்ணாடிப் பளபளப்பையும் கடலின் கண்கூச்சத்தையும் வெட்டும் ஒரு ஃபில்டர், மழை உறை, சாயங்கால இருட்டுக்குச் சின்னதாய் ஒரு லென்ஸ், இரண்டு கார்டு, இவற்றைப் பைக்கென்று எடுத்து வைத்தாள். "பேட்டரி எல்லாம் கைப்பையில. பெரிய பெட்டியில போட்டா பிடிச்சு வெச்சுப்பாங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வெல்கோ தொண்டையைச் செருமினார்.

"கூரைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு, இருட்டுக்கு ஒண்ணு. என் மூஞ்சிக்கு எது?"

ஸ்தாமெனா தராசைத் துடைத்தாள்.

"இந்த ஊர்ல போஸ்டாபீஸ் நாய்க்குக்கூட நீ படம் எடுத்திருக்கே. என்கிட்ட இருக்கறது அடையாள அட்டைப் படம் ஒண்ணுதான். அதுல நான் ஆடு திருடி மாட்டினவன் மாதிரி இருக்கேன்."

"கல்யாணத்துல எடுத்தது இருக்கு."

"அதுல உன் மாமாவோட காது இருக்கு. அதுக்குப் பின்னால நான் இருக்கேன்னு நீ சொல்றே. ரூஷா, நீயே சொல்லு தங்கச்சி, இத்தனை வருஷமா இவளுக்கு விளக்கு பிடிச்சேன், குடை பிடிச்சேன், கல்யாணப் பொண்ணுங்களோட வால் துணியைப் பிடிச்சேன். எந்தப் படத்துலயாவது நான் இருக்கேனா? முதுகும் தொப்பியும் இருக்கும். எண்பத்தஞ்சை எடுத்துக்கோ ஸ்தாமெனா. அந்தச் சமுத்திரத்துக்கு முன்னால ஒரே ஒரு படம்."

"முடியாது."

"நாளைக்கு வாசல்ல ஒட்டணும்னா போத்யோ அந்த ஆட்டுத் திருடனைத்தான் பெருசு பண்ணுவான். ஊரே சிரிக்கும். எல்லாரையும் அழகா அனுப்பி வெச்சே, என்னை மட்டும் அப்படியா அனுப்புவே?"

அவள் கையிலிருந்த லென்ஸ் மூடி தரையில் விழுந்து உருண்டு அடுப்புக்கு அடியில் போனது. "வாயைக் கழுவு!" என்று கத்தினாள். கெட்ட வாக்கு பலிக்காமலிருக்க மேஜையை மூன்றுமுறை தட்டினாள், தோளுக்கு மேலே தூ தூ என்று துப்பினாள். "ஆபரேஷன் முடிஞ்சு உன் கால்ல நீ நடந்து வா. ஆயிரம் எடுக்கறேன், எண்பத்தஞ்சுலயே எடுக்கறேன். அதுக்கு முன்னால அந்தக் கண்ணு உன்னைப் பார்க்க விடமாட்டேன்."

"நடந்து வரலேன்னா?"

ஸ்தாமெனா குனிந்து அடுப்புக்கு அடியில் மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது பயண ஏற்பாட்டுக்காரி சொல்லி அனுப்பிய ஒரு சங்கதிதான். எங்கள் ஊரில் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆமாம். மேலும் கீழும் அசைத்தால் இல்லை. வெளியே மற்ற ஊர்களில் அது தலைகீழ். அதனால் இப்போதிருந்தே மாற்றி ஆட்டிப் பழகுங்கள், இல்லாவிட்டால் வேண்டாத சோறு தட்டில் விழும் என்று அவள் எச்சரித்திருந்தாள்.

"சரி, பழகலாம்," என்றார் வெல்கோ. "மழை உறை வேணுமா?"

ஸ்தாமெனா மேலும் கீழும் ஆட்டினாள். அவர் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஏ கிழவா! வேணும்னுதானே ஆட்டினேன்! அந்த ஊர் ஆட்டம்!"

"முன்னாடியே சொல்ல வேண்டாமா? நான் இன்னும் நம்ம ஊர்லதானே இருக்கேன்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் மிளகாய் பட்டுவிட்டது. அந்த வீட்டில் நான் மனம்விட்டுச் சிரித்த கடைசி நாள் அது.

கிளம்புகிற காலையில் வழக்கப்படி நான்தான் வாசலில் தண்ணீர் ஊற்றினேன். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு துளசிக் கிளை. பயணம் தண்ணீர் மாதிரி தங்குதடையில்லாமல் ஓடட்டும் என்று ஊற்றுவது. அந்த ஈரத்தைத் தாண்டியவர்கள் திரும்பி உள்ளே வரக் கூடாது. இருவரும் தாண்டினார்கள். டாக்ஸியில் பெட்டியை ஏற்றினார்கள். ஸ்தாமெனா உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

வெல்கோ திரும்பி வந்தார்.

"அண்ணே, வராதீங்க! என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்," என்று பதறினேன்.

"மாத்திரை. எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது." ஈரத்தை மிதித்துக்கொண்டே மேலே போனார். இறங்கி வரும்போது ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வாசல் கல்லில் அவர் காலடிகள் உள்ளே போனதும் வெளியே வந்ததுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடந்தன. டாக்ஸி ஜன்னல் வழியாக ஸ்தாமெனா அந்தக் காலடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வெல்கோ திரும்பி வந்து எனக்குச் சொன்னார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆற்றைக் கடந்து புக்கரெஸ்ட் போய் விமானம் ஏறுவதுதான் சௌகரியம். அங்கே சோதனையில் நின்ற பெண், "பைக்குள்ள தண்ணி, எண்ணெய் ஏதாவது இருக்கா?" என்று ருமேனிய மொழியில் கேட்டாள். மொழி வெல்கோவுக்குத் தெரியும். ஆனால் ஆயுசுக்கும் என்ஜின் அறைக்குள் இருந்தவர், அங்கே தலையாட்ட ஆள் கிடையாது. இல்லை என்று சொல்வதாக நினைத்து மேலும் கீழும் ஆட்டினார். இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட அந்தப் பெண் பையைக் கவிழ்த்தாள். சட்டை, மாத்திரை, சவர பிரஷ், ஒரு கம்பளிக் காலுறை. காலுறை கனமாக இருந்தது. அதற்குள் கைவிட்டு எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

எண்பத்தைந்து. மூடி கழன்று, அந்தப் பெரிய விழி விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியபடி ஸ்தாமெனாவைப் பார்த்தது.

"கத்துவான்னு நினைச்சேன் தங்கச்சி. கத்தவே இல்ல. 'இதுக்கா தண்ணியைத் தாண்டின பிறகு திரும்பி உள்ளே போனே?'ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் அவளே அதைத் துடைச்சு, மூடி போட்டு, காலுறைக்குள்ளயே வெச்சா."

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கட்டளை போட்டாள். "இனிமே நாம ரெண்டு பேரும் பேசிக்கறப்பவும் அந்த ஊர் ஆட்டம்தான். மேலும் கீழும்னா ஆமா. பழகிக்கோ. இல்லேன்னா ஊர் ஊரா உன் பையைக் கவுத்துக் கொட்டுவாங்க."

லிஸ்பனில் அவள் வைடில் சந்துகளை எடுத்தாள், ஜூமில் டிராம் வண்டிகளை எடுத்தாள், ஃபில்டர் போட்டு நீல ஓடு பதித்த சுவர்களை எடுத்தாள். வெல்கோ எந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாலும் அவள் கேமரா கொஞ்சம் நகர்ந்துவிடும். தினமும் சாயங்காலம் அறைக்கு வந்ததும் அவர் காலுறையை எடுத்து மேஜைமேல் வைப்பார். அவள் அதைத் திரும்பப் பைக்குள் வைப்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்களாம்.

கடைசி நாள்தான் சமுத்திரம். பாறை முடிந்து பூமியே முடிந்துபோகிற ஒரு முனை. காற்று ஆளைத் தள்ளியது.

"அக்கரையே இல்ல தங்கச்சி," என்று சொன்னபோது அவர் கண்கள் கலங்கின. "எவ்வளவு நேரம் பார்த்தாலும் இல்ல. எனக்குப் பயமா இருந்தது, சந்தோஷமாவும் இருந்தது. திரும்பிப் பார்க்கறேன், அவ தரையில உக்காந்து, காத்துக்கு முதுகைக் காட்டி, கோட்டைக் கூடாரம் மாதிரி தலைமேல போட்டுக்கிட்டு லென்ஸை மாத்தறா. எண்பத்தஞ்சு. அவளாவே! நான் ஒண்ணும் கேக்கல."

மாற்றிவிட்டு எழுந்து வந்து கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல நீ என்னை எடு."

"எனக்கு எங்க எடுக்கத் தெரியும்?"

"கண்ணுல வெச்சு அழுத்து. மத்ததை அது பார்த்துக்கும்."

தலைத்துணியை அவிழ்த்தாள். முடி பறந்தது. பாறை விளிம்புக் கம்பியில் சாய்ந்து நின்றாள். "என்னைப் பார்க்கல ரூஷா. நேரா லென்ஸுக்குள்ள பார்த்தா. உள்ளே யாரோ உக்காந்திருக்கற மாதிரி, அவங்ககிட்ட ஏதோ பேசி முடிவு பண்ணிக்கற மாதிரி பார்த்தா. அப்புறம் சிரிச்சா. நான் அழுத்தினேன்."

இதை அவர் சொன்னபோது எனக்குத் தோச்காவின் படம் நினைவுக்கு வந்தது. ஆனால் அவருக்குத் தன் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

"அப்புறம் என் முறை. என்னை நிக்கவெச்சா, காலரைச் சரிபண்ணினா, தொப்பியைக் கழட்டச் சொன்னா. ரொம்ப நேரம் கேமராவைக் கண்ணுல வெச்சுக்கிட்டே நின்னா. அவ விரல் அழுத்தினதைப் பார்த்தேன். 'எடுத்துட்டியா?'ன்னு கத்தினேன். காத்துல பேச்சு எடுபடல. தலையை ஆட்டினா. மேலயும் கீழயும்! அந்த ஊர் ஆட்டத்தை எப்படிப் பழகிட்டா பாரு!" என்று செய்து காட்டிச் சிரித்தார்.

அவள் அப்போது அந்த அறையில்தான் இருந்தாள். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அண்ணன் படத்தைக் காட்டுங்க அக்கா," என்றேன்.

"ஆபரேஷன் முடியட்டும். இப்பப் பார்த்தா கண்ணு பட்டுடும்."

"நல்லா வந்திருக்கா?"

துணியைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். "கடல் நல்லா வந்திருக்கு," என்றாள்.

ஆபரேஷன் அன்று வார்னா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நானும் அவளுடன் இருந்தேன். மற்றவர்களின் மனைவிமார்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், மெழுகுவத்தி ஏற்றப் போனார்கள். இவள் சுவரில் சாய்ந்து, கடன் தீர்த்துவிட்டு ரசீதுக்குக் காத்திருப்பவள்போல அமைதியாக நின்றாள். டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றபோது நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் டீ," என்றாள். "அது அவனைப் பார்க்கல."

எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

வெல்கோ வீட்டுக்கு வந்தார், நடந்தார், படியேறினார். போத்யோ எதிர்ப்பட்டபோது, "என்னடா, தாள் வாங்கி வெச்சிருந்தியா? வீணாப் போச்சே!" என்று கேலி செய்தார். படத்தைக் கேட்கும்போதெல்லாம் ஸ்தாமெனா, "உன் பேருக்கான திருநாளுக்குப் பெருசா பிரேம் போட்டுத் தர்றேன், அவசரப்படாதே" என்று தள்ளிப்போட்டாள். குளிர்காலம் முழுக்க அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சூப் குடிப்பதை, சவரம் செய்வதை, தூங்குவதை. ஒருநாள் நான் போனபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கேமரா பிடிப்பதுபோல மடித்து அந்த முகத்தைக் கட்டம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கைகளை இறக்கிவிட்டாள்.

மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை என் மணிக்கட்டில் கட்டி, "ஆரோக்கியமா இரு" என்றாள். அந்த வாரமே ஜன்னல் திரைகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு படியேறியவள், நடுப்படியில் கொஞ்சம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. ஈரத் திரைகள் மடியில் கிடந்தன. நான் தொட்டபோது கை இன்னும் சூடாக இருந்தது. அவள் மணிக்கட்டிலும் அதே நூல்.

தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஊர் வேறு காரணம் சொன்னது.

அன்று பிற்பகலே போத்யோ வந்து நின்றான். "அண்ணே... படம்..."

எல்லாருக்கும் படம் வெட்டிக் கொடுத்தவளுக்குப் படம் தேட ஆள் இல்லை. வெல்கோவே அவள் அலமாரியைத் திறந்து கார்டை எடுத்துக் கணினியில் போட்டார். நான் பின்னால் நின்றேன். லிஸ்பன் சந்துகள் ஓடின. டிராம் ஓடியது. ஓடுகள் ஓடின. அப்புறம் அவள் முகம்.

பறக்கும் முடி. பின்னால் சமுத்திரம் முழுக்க நீல மூடுபனியாகக் கரைந்திருந்தது. எதிர்க்கரை இல்லை. சிரிப்பு, ஆனால் எங்களைப் பார்த்து அல்ல. நான் பார்த்த அஞ்சலித் தாள் முகங்களில் அவ்வளவு அழகான முகம் வேறு கிடையாது. எடுத்தவருக்குப் படம் எடுக்கவே தெரியாது.

"இதுதான்," என்றார். பிறகு, தன்னுடையது அடுத்து இருக்குமே என்ற நினைப்பில் விரல் தானாக அடுத்த படத்துக்குப் போனது.

கடல். வெறும் கடல். ஓரத்தில், கலங்கலாக, அவருடைய மழைக்கோட்டின் கை மட்டும்.

அதற்கு அடுத்தது எதுவும் இல்லை. அவர் வெகுநேரம் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பதாம் நாள் காலை, கல்லறையில் எல்லாருக்கும் இனிப்புக் கோதுமை கொடுத்துவிட்டு வந்து, புதிய தாளை அவரே வாசல் கதவில் ஒட்டினார். நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தின் மேல் விரலால் சுருக்கம் நீவிக்கொண்டே திடீரென்று பேசினார்.

"அவ பொய் சொல்லல தங்கச்சி."

"எது அண்ணே?"

"எடுத்துட்டியான்னு கேட்டேன். மேலயும் கீழயும் ஆட்டினா. நான் அதை அந்த ஊர் ஆட்டம்னு நினைச்சுக்கிட்டேன். இனிமே அப்படித்தான் ஆட்டணும்னு அவதானே சொன்னா? ஆனா அங்க, அந்தப் பாறைமேல, அவ நம்ம ஊர் ஆட்டம் ஆட்டிட்டா. இல்லன்னுதான் சொன்னா. எனக்கு நேரா நின்னு, என் கண்ணைப் பார்த்து, இல்லன்னு சொன்னா. எனக்குத்தான் புரியல."

பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு அந்தக் கம்பளிக் காலுறையை எடுத்தார். தோளில் அவள் கேமரா தொங்கியதை அப்போதுதான் கவனித்தேன். லென்ஸை எடுத்து அதில் மாட்டினார்.

"போத்யோகிட்டக் கேட்டேன், ஓடிட்டான். ரொட்டிக்கடைக்காரன் மகள்கிட்டக் கேட்டேன், கதவைச் சாத்திட்டா. நீ எடு ரூஷா. இதோ, இவளுக்குப் பக்கத்துல நிக்கறேன். எனக்குச் சாகற ஆசையெல்லாம் இல்ல. ஒரே ஒரு படத்துலயாவது ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான். எடுப்பியா?"

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவில் அவள் முகத்துக்கு அருகே போய் நின்றார். ஈரப் பசை அவர் தோளில் ஒட்டியது. கேமரா என் கையில் இருந்தது. அது ஒரு குழந்தையின் தலை அளவு கனத்தது. அந்தப் பெரிய விழி அவர் பக்கம் திரும்பியிருந்தது. அதை நான் உள்ளங்கையால் மூடினேன்.

பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினேன். இந்த முறை அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.